மாடி காலி என்றேன்

மார்ச் பதினேழாம் தேதி, காலை பதினொன்று இருபது, சுள்ளென்ற வெயில். போனில் ஒரு பெண்மணி, "சார், உங்க மாடியில எத்தனை பொண்ணுங்க வாடகைக்கு இருக்காங்க?" என்று நயமாகக் கேட்டார். அந்த நயமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஏழு அறைகள். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் இருபத்திரண்டு பேர். அந்த மாடிக்கு நான் பஞ்சாயத்துக்கு வீட்டு வரி கட்டியதே இல்லை. வரி ஆபீஸ்தான் வேவு பார்க்கிறது என்று முடிவு செய்துகொண்டு, யார் என்றுகூடக் கேட்காமல், "ஒருத்தரும் இல்லம்மா, மாடி காலி" என்று போனை வைத்துவிட்டேன்.

என் மகள் மீனா சமூகவியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, இரண்டு மாதமாக முடிவுக்குக் காத்திருந்தாள். எங்கள் மாடிப் பெண்களைப் பற்றித்தான் ஆய்வு செய்யப்போவதாக எழுதியிருந்தாள். மாலையில் அழுதுகொண்டே வந்தாள்.

"இன்னாப்பா சொல்லி வச்சே? வூட்டு ஓனர்னு உன் நம்பரைத்தான் குடுத்திருந்தேன். நான் புளுகிட்டேன்னு புரொபசர் நெனைச்சிக்கினு இருக்காங்க!"

ஷிப்டு முடிந்து மாடிக்கு ஏறப்போன தென்காசிப் பெண் ஒருத்தி நின்று கேட்டாள். "அப்போ நாங்க இருபத்திரண்டு பேரும் பேயா, தாத்தா?"

அப்போதே பேராசிரியரை அழைத்து, வரிக்குப் பயந்து பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்து எட்டு இரவுகள் எனக்குத் தூக்கமில்லை. ஒன்பதாம் நாள் மீனாவுக்கு இடம் கிடைத்தது.

இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும், யார், எதற்கு என்று கேட்ட பிறகே பதில் சொல்கிறேன். ஆய்வில் மாடி அச்சேறிவிடுமே என்று நானே பஞ்சாயத்துக்குப் போனேன். அபராதத்தோடு கட்டிய வரி ரூ.14,385.