கு. பூ.

கரீம் பண்டாரி இறந்துபோன செய்தி எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. பாலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம பண்டாரி மவுத்தாயிட்டாருய்யா. முந்தாநேத்து. கூட்டமே இல்ல. சந்தூக்குத் தூக்க ஆள் தேட வேண்டியதாப் போச்சு."

சந்தூக்கு என்பது உடலை வைத்து அடக்கத்துக்கு எடுத்துப்போகும் பெட்டி. முப்பது வருஷம் இந்த ஊர்க் கல்யாணங்களுக்கு ஆக்கிப் போட்டவரைத் தூக்க நாலு தோள் சுலபத்தில் கிடைக்கவில்லை. அவர் ஆக்கிய சோற்றைச் சகன் என்கிற பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஊரில் இன்னும் நன்றாக நடமாடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடக்கத்துக்கு நானும் போகவில்லை.

அவரை எனக்குத் தெரியவந்தது மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில். உலர்ந்த பழம், பருப்பு, வாசனைச் சாமான் விற்கும் கடை ஒன்றில் அப்போது வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவேன். வயது இருபத்திரண்டு. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்ற திமிர் இருந்தது. அந்தத் திமிருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

கல்யாண விருந்துச் சமையல்காரரைப் பாலக்கரையில் பண்டாரி என்பார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னும் கரீம் பாய் கடைக்கு வந்து, ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சாமான்களைச் சொல்லுவார். நான் எழுதிக்கொள்வேன். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. சிறு வயதில் கொதிக்கிற நெய் கொட்டியதாம்.

"எழுதுங்க தம்பி. கிஸ்மிஸ், காம்பு இல்லாம. பாதாம், தோலு சுருங்காதது. முந்திரி முழுசு. உடைஞ்சத என் தலையில கட்டிடாதீங்க."

"உடைஞ்சாலும் அதே ருசிதானே பாய்?"

"கல்யாணத்துக்கு வர்றவன் ருசிய எங்க பாக்குறான்? தன் பங்குல எத்தன முந்திரி கெடக்குன்னு பாக்குறான். பக்கத்துல இருக்கறவனுக்கு ஒண்ணு கூட இருந்தா போச்சு, சம்பந்தமே முறிஞ்சிடும்."

சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருப்பார். நான்தான் சிரிப்பேன்.

அவருடைய பெயர் நின்றது ஜர்தாவில். சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குங்குமப்பூ, சீனி, நெய், ஏலம், கிராம்பு, உலர்ந்த பழங்கள், பருப்புகள் எல்லாம் சேர்த்துத் தம் போட்டு இறக்கும் இனிப்புச் சோறு. ஒருமுறை சாமான் கொண்டுபோய்ப் போட்ட இடத்தில் அவர் ஆக்குவதைக் கடைசிவரை நின்று பார்த்தேன். முதலில் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான பாலில் பூவைப் போட்டு மூடி வைத்துவிட்டார். அரை மணி கழித்துத் திறந்து என்னிடம் காட்டினார். பால் இளமஞ்சளாக மாறியிருந்தது. இழைகள் மட்டும் அப்படியே சிவப்பாகக் கிடந்தன.

"நல்ல பூ அவசரப்படாது தம்பி. மெதுவா விடும். போட்ட உடனே செவப்பா ஓடுனா அது பூ இல்ல, சாயம்."

பிறகு உலையில் அரிசியைப் பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்குவார், வேண்டாம் என்று தலையாட்டுவார், திரும்பவும் எடுப்பார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெந்துவிட்டதே, சீனியைப் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். "சீனி விழுந்த பொறகு அரிசி வேகாது தம்பி. வேக வேண்டியதெல்லாம் அதுக்கு முன்னாடியே வெந்திடணும். ஒரு கொதி முந்திச்சுன்னா அம்புட்டும் கல்லு" என்றார். அன்று மூடியைத் திறந்தபோது வந்த மணத்தை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அது எழுத்துக்கு வராது.

என் ஊர் ஸ்ரீரங்கம் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு ஒரே நச்சரிப்பு. கோயில் அக்காரவடிசிலில் பூ போடுவார்களாமே, கொஞ்சம் கொண்டு வா என்றார். ஒரு தொன்னையில் வாங்கி வந்தேன். மூலையில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பூ இருக்கு. கம்மிதான். ஆனா பொய் இல்ல. வெல்லம் போட்டதால வாசம் அமுங்கிப் போச்சு. உங்க பெருமாள் அதெல்லாம் கண்டுக்க மாட்டாரு போல."

"அவர் சாப்பிட்டுட்டுக் குறை சொன்னதே இல்ல பாய்."

"குடுத்து வச்ச ஆக்குறவங்க. எனக்குன்னு வந்து சேர்றவன் எல்லாம் வாயுள்ளவனாவே வர்றான்."

இனி, அந்தக் கடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குசும்பாப் பூ என்று ஒன்று இருக்கிறது. பார்வைக்குக் குங்குமப்பூ மாதிரியே இருக்கும், விலையோ தூசு. எங்கள் கடை முதலாளி அதற்குச் சாயம் தோய்த்து உலர்த்தி, நல்ல பூவோடு கலக்கச் சொல்லுவார். சில பொட்டலங்களில் நல்ல பூவே இருக்காது. மேலே என்ன எழுதுவது என்று முதல் நாள் கேட்டேன்.

"கு. பூ.ன்னு எழுது."

"அது என்ன முதலாளி?"

"குங்குமப்பூவுக்கும் கு. பூ.தான், குசும்பாப் பூவுக்கும் கு. பூ.தான். நாம பொய்யா எழுதுறோம்? படிக்கிறவன் தனக்கு வேண்டியதப் படிச்சுக்கட்டும்."

காலையில் கடை திறந்ததும் சாமி படங்களுக்குச் சாம்பிராணி போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தராசைத் தொட்டுக் கும்பிடுகிற மனிதர். நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஒரு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு எழுத்து, ஒரு புள்ளி. கரீம் பாய் நேரில் வாங்கினால் மட்டும் நல்லதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அவரை ஏமாற்ற முடியாது என்று முதலாளிக்குத் தெரியும்.

ஊரெல்லாம் அரிசிக்குக் க்யூவில் நின்ற வருஷம் அது. அந்த வருஷத்தில்தான் பாலக்கரைத் தோல் மண்டிக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு நாலு தேக்சா, அதாவது நாலு பெரிய அண்டா, ஜர்தா ஆக்கச் சொன்னார். அரிசி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதிரிக் கேள்விகளைக் க்யூவில் நிற்கிறவர்களிடம்தான் கேட்பார்கள். குங்குமப்பூ மட்டும் விலை கூடிய சாமான் என்பதால் பண்டாரியை நம்பாமல், மண்டிக்காரர் தானே ஆளனுப்பி எங்கள் கடையில் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டார். கட்டிக் கொடுத்தது நான். முழுக்கக் குசும்பா.

கல்யாணத்தன்று காலையில் கடைசி நேரத்தில் பிஸ்தா போதவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். சைக்கிளில் கொண்டுபோனேன். பந்தலுக்குப் பின்னால் நாலு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. கரீம் பாய் கையில் கிண்ணத்தோடு நின்றிருந்தார். பால் இரத்தம் மாதிரி இருந்தது. இழைகள் வெளுத்து மிதந்தன. எதிரே மண்டிக்காரர், அவரைச் சுற்றிச் சொந்தக்காரர்கள்.

"இந்தப் பூ சரியில்லீங்க. வேற பூ வாங்கிக் குடுங்க. இல்லாட்டி ஜர்தாவ வெள்ளையாவே எறக்கிடுறேன்."

"நான் பூட்டி வச்ச வரைக்கும் நல்லா இருந்த பூ, ஒங் கைக்கு வந்ததும் கெட்டுப் போச்சா?"

"கைக்கு வந்தப்பவே இப்படித்தாங்க இருந்துச்சு."

"நல்லத மடியில முடிஞ்சுக்கிட்டு எதையோ கரைச்சுக் காட்டுறியா? என் வீட்டுக் கல்யாணத்துலயா?"

அப்போதுதான் பாய் என்னைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பொட்டலக் காகிதத்தை எடுத்து, அந்த ஒட்டிய விரல்களுக்கு நடுவில் இடுக்கி என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இது உங்க கடைச் சீட்டுதானே? என்ன எழுதியிருக்குன்னு பெரியவங்களுக்குப் படிச்சுச் சொல்லுங்க."

பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவர், என்னிடம் கேட்கிறார் என்று நினைத்தேன். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நான் படித்திருந்தால் போதும். கு. பூ. அது என்னடா கு. பூ. என்று யாராவது கேட்டிருப்பார்கள். அப்புறம் எல்லாம் தானாக வெளியே வந்திருக்கும். என் வேலையும் போயிருக்கும். வீட்டில் அப்பா படுக்கையில் இருந்தார், இரண்டு தங்கைகள் இருந்தார்கள். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதைச் சொல்கிறேன்.

"குங்குமப்பூ" என்று படித்தேன்.

"கேட்டியா?" என்றார் மண்டிக்காரர். பணக்காரனுக்கு இன்னொரு பணக்காரன் மேல் சந்தேகம் வருவதில்லை. அது கீழே இருக்கிறவன் மேல்தான் வரும்.

பாய் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அங்கேயே அத்தனை பேருக்கு முன்னால் அவருடைய இடுப்புப் பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். கைலி மடிப்பைப் பிரித்து உதறினார்கள். ஒரு பீடிக் கட்டும் தீப்பெட்டியும் விழுந்தன. அதனாலும் அவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. எங்கேயோ கடத்திவிட்டான் என்றார்கள். வெளியே போ என்றார்கள். அவர் கைலியைக் கட்டிக்கொண்டே அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அரிசி இன்னும் ஒரு கொதி வேகணும். அதுக்குள்ள சீனியப் போட்டுடாதீங்க."

கள்ளன் சொல்லி யார் கேட்பார்கள்? அவர் வாசல் தாண்டுவதற்குள் யாரோ சீனி மூட்டையைக் கவிழ்த்துவிட்டார்கள். நாலு தேக்சாவும் கல்லாகிப் போயின. அந்தப் பழியும் அவர் மேலேயே விழுந்தது. பண்டாரி ஏதோ பண்ணிவிட்டுப் போய்விட்டான் என்றார்கள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டிய பெரிய மனிதர்கள் ஒருவர்கூட, முப்பது வருஷமாக எடுக்காதவன் இப்போதா எடுத்தான் என்று கேட்கவில்லை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சினார். மற்ற மாதங்களில் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

ஒரே ஒரு முறை பார்த்தேன். ரேஷன் கடை க்யூவில் பையோடு நின்றுகொண்டிருந்தார். நான் தெருவின் அந்தப் பக்கம் நழுவப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"தம்பி! ஸ்ரீரங்கத்துல எல்லாரும் சவுக்கியமா? அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"பாய், அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். க்யூ நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் அவரைத் தள்ளினார்கள். எனக்கு அதுவே சாக்காகப் போய்விட்டது. வரேன் பாய் என்றேன். அவர் போகிற போக்கில் திரும்பிச் சொன்னார்: "நல்ல பூ அவசரப்படாது தம்பி. மெதுவா விடும்."

பண்டாரி பழைய பேச்சையே பேசுகிறார், வேறு என்ன பேசத் தெரியும் என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன். கொஞ்ச நாளில் அந்தக் கடையை விட்டு நின்றேன். இப்போது ஒரு அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறேன்.

செய்தி கேட்ட அன்றே டீக்கடையிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஓர் அறை. அவர் மனைவி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் அந்த மாதங்களில் அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. நான் வாசலில் நின்றேன், அவர் படுதாவுக்குப் பின்னால் இருந்து பேசினார்.

"யாருங்க?"

"மலைக்கோட்டைக்குக் கீழ கடையில வேலை பார்த்தேன், பாயம்மா. பாய் அங்க சாமான் வாங்க வருவாரு..."

"யாரு, கு. பூ. தம்பியா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வீட்டில் தினமும் புழங்குகிற பேர் மாதிரி.

"அது... எப்படித் தெரியும் பாயம்மா?"

"அவங்கதான் வச்சாங்க அந்தப் பேர. காயிதத்துல அப்படித்தானே எழுதியிருந்துச்சு? கல்யாண வீட்டுலேருந்து வந்த அன்னிக்கே எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க."

"பாய்க்குப் படிக்கத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க. தெனம் பேப்பர ஒரு எழுத்து விடாம எனக்குப் படிச்சுச் சொல்லுவாங்க. எழுதத்தான் வராது, வெரலு மடங்காதுல்ல." பிறகு சொன்னார்: "நான்தான் ஏசுவேன், அந்தப் பிள்ள இப்படிப் பண்ணிடுச்சேன்னு. 'சும்மா இரு, கு. பூ. தம்பி ஒரு நாள் வரும்'பாங்க. இன்னிக்கு வந்துட்டீங்க."

பாய்க்குப் படிக்கத் தெரியும். கல்யாண வீட்டில் அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டியபோதே அதில் இருந்தது என்ன என்று அவருக்குத் தெரியும். அவரே படித்திருக்கலாம். படித்தால் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தாரா, என் கடைக் குற்றத்தை என் வாயாலேயே சொல்ல எனக்கு இடம் கொடுத்தாரா, தெரியவில்லை. சமையல்காரனுக்கு எழுத்து எங்கே தெரியப்போகிறது என்று முடிவு செய்துகொண்டவன் நான். அவர் மடியை அவிழ்த்தவர்களைத் திட்ட எனக்குப் பாதி வாய்தான் இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு என்று இருப்பது அவர் வைத்த அந்தப் பெயர்தான். அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது சுருக்கி எழுதிய சொல் எதைப் பார்த்தாலும் விரித்து எழுதிவிடுகிறேன். ஃபோர்மேன் இடம் போதவில்லை என்று கத்துகிறார். கத்தட்டும்.

அன்று மண்டிக்காரர் வீட்டில் நான் படிக்க வேண்டியதை இப்போது படிக்கிறேன். அந்தப் பொட்டலத்தில் இருந்தது குசும்பாப் பூ. சாயம் தோய்த்தது. கட்டியவன் நான், மேலே எழுதியவன் நான். கரீம் பண்டாரி எதையும் எடுக்கவில்லை.