மேலே வந்த சுக்கான் மண்

கல்லூரியில் நான் நடத்துவது நிலவியல். அதைச் சொன்னால் போதும், கோவில்பட்டிப் பக்கம் உடனே, "நீரோட்டம் பாப்பியளா அண்ணாச்சி?" என்று தேங்காயை நீட்டுவார்கள். எரிச்சலாக வரும். பாறை அடுக்குகளையும் அவற்றில் புதைந்த சிப்பி, நத்தைப் படிவங்களையும் வைத்து மண்ணின் வயதைச் சொல்வது என் பாடம். கீழே கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது. ஓர் அடுக்கு, தனக்குள் கிடக்கிற ஆகப் புதிய பொருளைவிடப் பழையதாக இருக்க முடியாது. வருஷா வருஷம் இதையே சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

போன கோடையில் நாகலாபுரத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் புஞ்சையில் பண்ணைக்குட்டை வெட்டிய பொக்லைன், ஆள் உயர ஆழத்தில் எலும்புகளைக் கிளறிவிட்டது. அவ்வளவு கீழே கிடந்தால் தாழியில் புதைத்த காலத்து ஆள்தான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். போலீஸ் வருவதற்குள் நீயும் வந்து அதைச் சொல்லிவிடு என்றாள். ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய ஒரே மகன் புதியம்புத்தூரில் சட்டை தைத்துக்கொண்டிருந்தவன். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், கடைவரை போய்வருகிறேன் என்று கிளம்பித் திரும்பவே இல்லை. வடக்கே எங்கோ மில்லில் இருக்கிறான் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

குழிக்குள் இறங்கினேன். அக்காவும் பின்னாலேயே வந்தாள். விலா எலும்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான், சிவப்பு நூலோடு. தங்கியிருந்த அறையில் சட்டை மாறிப்போகிறது என்று மருமகன் தன் பொத்தான்களைச் சிவப்பு நூலில் தைத்துக்கொள்வான். நைலான் நூல், மட்கவில்லை.

"வெடிப்புல விழுந்துருக்கும்டே," என்றாள் அக்கா. "அவன் சட்டையத்தான போட்டுக்கிட்டு களை எடுக்கேன். எம்மேல இருந்து உதிர்ந்ததா இருக்கும்."

கரிசல்காரர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். கோடையில் கை நுழைகிற அளவுக்கு நிலம் வெடிக்கும். கம்மல், பண்ணரிவாள், எது விழுந்தாலும் மழை வந்து மண் மூடிக்கொள்ளும். என் பாடம் இந்த மண்ணில் அப்படித்தான் சந்தி சிரிக்கும். அன்றைக்கும் சிரிக்கட்டும், அவள் சொல்வதே சரியாக இருந்துவிடட்டும் என்று நின்றேன்.

குழியின் மற்ற மூன்று பக்கமும் மேலே கரிசல், கீழே சுண்ணாம்புக் கட்டிகள் நிறைந்த வெள்ளைச் சுக்கான் மண், கோடு போட்டதுபோல் தெரிந்தது. எலும்பு கிடந்த பக்கம் மட்டும் கோடு இல்லை. சுக்கான் கட்டிகள் கரிசலோடு கலந்து மேலே வரை வந்திருந்தன. வெடிப்பு மேலே இருப்பதைக் கீழே இழுக்கும். கீழே இருப்பதை மேலே அள்ளிப் போட மண்வெட்டி வேண்டும். பிறகு வந்த மரபணுச் சோதனையும் அது அவன்தான் என்றது. வெட்டிப் புதைத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

"பழசுதானடே? சொல்லு," என்றாள் அக்கா, குழிக்குள் நின்றபடியே.

"இல்லக்கா. யாரோ வெட்டி மூடுன குழி."

அவள் அழவில்லை. அண்ணாந்து, எலும்புக்கு நேர் மேலே இருந்த புஞ்சை மூலையைப் பார்த்தாள்.

"இங்கன மட்டும் உளுந்து செழிப்பா வருதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே தம்பி," என்றாள்.

கையைப் பிடித்து மேலே ஏற்றப் பார்த்தேன். வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.