மூடி திறந்தால் கேட்கும் சத்தம்

இதை எழுதுபவன் கனிசியசை முதலில் கண்டது, தன் அக்காவின் கலியாணத்துக்கு மேளகாரரை ஏற்றிவர அளவெட்டிக்குப் போன காலையில். குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் போய்ப் பட்டம் பெற்றவன் என்று அவனைத்தான் பொறுப்பாக அனுப்பியிருந்தார்கள். காரின் முன் ஆசனமும் அவனுக்கே.

கனிசியஸ் குருநகர்க்காரர். அண்ணன்மார் கடலுக்குப் போக, அலையைக் கண்டாலே குமட்டிச் சத்தி எடுக்கும் அவர் ஒரு பழைய ஏ-ஃபோட்டி காரில் வாடகைக்கு ஹயர் ஓடினார். போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போனபோது எல்லாரையும் போல மண்ணெண்ணெய்க்கு மாறினார். வளைவுகளில் எண்ணெய் மணக்கும். அருமையாய்க் கிடைக்கும் எண்ணெய் மணமாகவே போய்விடுகிறதே என்று வயிறெரிந்து, எண்ணெய்த் தாங்கி மூடியில் இருந்த சிறு துளையைச் சலவைச் சவர்க்காரத்தால் அடைத்தார்.

அதன் பிறகு கார் சில மைல் ஓடியதும் இருமி இருமி நின்றுவிடும். இறங்கி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். பார், எண்ணெய் மணம் இன்னும் வெளியே போகிறது என்று சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டு மூடியை மேலும் இறுக்கினார். கார் முன்னையைவிட மோசமாக நின்றது. இரண்டு கலியாணங்கள் அவரால் பிந்தின. ஹயர் குறைந்தது.

“இந்தக் கலியாணமும் பிந்தினால் காரைப் பழைய இரும்புக்குக் குடுங்கோ. பேந்து அண்ணையாக்களோடை கடலுக்குப் போங்கோ” என்று மனைவி சிசிலியா அன்று விடியவே சொல்லிவிட்டாள்.

மேளகாரரை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், அச்சுவேலி தாண்டியதும் கார் நின்றது. கலியாணம் நடக்கவிருந்த தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலில் மாப்பிள்ளை வந்து காத்திருப்பார்.

“தம்பி, கம்பஸிலை கார் தள்ளவும் படிப்பிச்சவையோ?” கனிசியஸ் பகிடி விட்டபடி இறங்கினார்.

“மாட்டு வண்டில் பிடிச்சிருந்தால் இவ்வளவு நேரத்துக்கு அங்கை புட்டுச் சாப்பிட்டிருப்பம்” என்றார் தவில்காரர்.

கனிசியஸ் மூடியைத் திருகினார். ‘உஸ்.’

“அப்பிடியே பிடியுங்கோ அண்ணை!” பக்கத்தில் நின்ற நாதஸ்வரக்காரர் தில்லைநாதன் தன் சால்வை நுனியை மூடியின் இடுக்கில் பிடித்தார். நுனி உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது. “உது வெளியிலை போற காத்தில்லை. உள்ளுக்குப் போற காத்து.”

“சத்தத்திலை உமக்கென்னெண்டு தெரிஞ்சது?”

“ஊதிறதும் இழுக்கிறதுமா நாள் முழுக்க அதுதானே என்ரை வேலை! ரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதே?”

கனிசியஸ் சால்வை நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வர வழியில்லை. பிறகு எண்ணெய் எப்படி இறங்கும்?

“ஐயோ மாதாவே! அதின்ரை தொண்டையை நானெல்லோ நெரிச்சுக்கொண்டு இருந்தனான்!”

ரியூப்பைப் பிய்த்து எறிந்தார். துளையைக் குத்தத் தோதாக ஒன்றும் இல்லை. நாதஸ்வரத்தில் தொங்கிய ஊசியில் அவர் கண் போனது.

“அண்ணை, உது நான் வாயிலை வைக்கிற சீவாளிக்குள்ளை விடுற ஊசி!”

“சவர்க்காரம்தானே தம்பி. முன்னையிலும் சுத்தமாய்த் திருப்பித் தாறன்.”

தவில்காரர் சிரித்த சிரிப்பில் ஊசி கை மாறியது. சவர்க்காரம் உதிர்ந்தது. கிளப்புவதற்கென்றே சிறு போத்தலில் பொத்திவைத்திருந்த பெற்றோலில் சில துளி காபரேற்றரில் விட, கார் பிடித்தது. சந்நிதி வாசல் வரை அது நிற்கவில்லை. தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் கேட்டது.

இப்போது, தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், கனிசியஸ் குருநகரில்தான் இருக்கிறார். அளவெட்டி மேளகாரருக்கு அவர்தான் வழக்கமான ஹயர். சிசிலியா ஞாயிறு பூசை முடிந்து அந்தக் காரில்தான் தாய்வீட்டுக்குப் போய்வருகிறாள்.