உப்புப் பார்க்க முடியாத சமையல்

இருபத்தொன்பது வருஷமாகக் கிருமிகளுக்குச் சமைத்துப் போடுகிறேன். அலிப்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, அதன் லேப், அதன் கடைசி அறை. அகர் என்ற கடற்பாசிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, செம்மறி ஆட்டு ரத்தம் கலந்து, வட்டத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். அது ஆறிச் சிவப்பாக உறைந்துவிடும். அதன்மேல் நோயாளியிடம் எடுத்ததைத் தடவி வைத்தால், மறுநாள் எந்தக் கிருமி என்று தெரியும். எதுவும் முளைக்காவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் போகும். வேலை இவ்வளவுதான். ஆனால் தினமும் நூறு தட்டு ஊற்றுகிறவளின் தோள்பட்டையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

"கிருமிக்கெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பாடு, எனக்கு மட்டும் முந்தாநாள் ரசம்" என்பார் என் வீட்டுக்காரர். ரிட்டயர் ஆனவர். பெஹாலாவில் எங்கள் வாடகை வீட்டு பால்கனியில் உட்கார்ந்துகொண்டு நாள் பூராவும் இப்படி ஏதாவது யோசித்து வைப்பார். நானும் விடமாட்டேன். கிருமிகள் உப்பு குறைச்சல் என்று முகத்தைச் சுளிப்பதில்லை என்பேன்.

உண்மையில் உப்பு விஷயம்தான் இந்தச் சமையலில் பெரிய தொல்லை. சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கலாம். இங்கே அது முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு சோதனை உண்டு. வெறும் தட்டை ராத்திரி முழுக்க வைத்து, ஒன்றும் முளைக்கவில்லை என்று பார்ப்பது ஒன்று. தெரிந்த கிருமி ஒன்றைத் தடவி, அது நன்றாக முளைக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. முதலாவதை நான் ஒருநாளும் விட்டதில்லை. இரண்டாவதைக் கை ஒழிந்தபோது செய்வேன்.

போன துர்கா பூஜைக்கு முதல் நாள், பஞ்சமி. ஐந்து நாள் பூஜை லீவுக்கும் சேர்த்து ஒரேயடியாகத் தட்டு ஊற்றிவிட்டுப் போவது எங்கள் லேபில் வழக்கம். மத்தியானமே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் இவருக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், எனக்கோ ராத்தூக்கம் இல்லை. மேஜைமேல் ஒரே அளவில் இரண்டு குடுவை ஆறிக்கொண்டிருந்தன, இரண்டிலும் ரத்தம் கலந்தாயிற்று. ஒன்று எல்லாருக்குமான சாதாரணத் தட்டு. மற்றது மலப் பரிசோதனைக்கு. அதில் மட்டும் ஒரு சின்னக் குப்பி ஆன்டிபயாடிக் சேர்க்க வேண்டும், வேண்டாத கிருமிகளை அமுக்குவதற்காக. குப்பியை ஊற்றினேன். ஊற்றிவிட்டுத் திரும்பியபோது எந்தக் குடுவையில் ஊற்றினேன் என்று நினைவில்லை.

மலப் பரிசோதனைக்கான இடது பக்கக் குடுவையில்தான் என்று என்னை நானே நம்பவைத்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க உடம்பில் தெம்பில்லை. கிருமி தடவி வைத்தால் மறுநாள் காலையில் நானே வந்து பார்க்க வேண்டும், பூஜை ட்யூட்டிக்காரர்களிடம் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வழக்கம்போல ஒரு வெறும் தட்டை மட்டும் சூட்டில் வைத்து, மற்றதை லேபிள் ஒட்டி, ஃபிரிட்ஜில் அடுக்கி, பஸ் ஏறிவிட்டேன்.

சப்தமியன்று இவருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. பந்தல் கூட்டத்தில் டாக்சி ஊர்ந்து ஊர்ந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தோம். இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கலாம், எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்றார்கள். ரத்தம் எடுத்து, சத்து நீர் நிரப்பிய பாட்டிலில் விட்டு லேபுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாட்டிலை ஏழு நாள் சூட்டில் வைத்து, நடுநடுவே என் தட்டில் தடவிப் பார்ப்பார்கள். என் தட்டில். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். மார்ச்சில் நானும் ரிட்டயர் ஆகிறேன், இத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

தசமிக்கு மறுநாள் வேலைக்குப் போனேன். இவருடைய ரிப்போர்ட் 'இதுவரை வளர்ச்சி இல்லை' என்று இருந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. பூஜை ட்யூட்டிக்காரர்கள் பார்த்து முடித்த தட்டுகளை அழிக்கும் வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த வாளியை ஆட்டோகிளேவில் ஏற்றுவதும் என் வேலைதான். மேலாக ஒரு தட்டு, யாரோ ஒருவரின் தொண்டையில் எடுத்தது. கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. தொண்டையில் கிருமியே இல்லாத மனிதன் உலகத்தில் கிடையாது. நல்லதோ கெட்டதோ, நாலு கிருமியாவது முளைத்தே தீரும். அடுத்த தட்டைப் பார்த்தேன், அதுவும் சுத்தம். அப்படியானால் அந்த ஆன்டிபயாடிக் சாதாரணக் குடுவையில்தான் விழுந்திருக்கிறது.

நேராக டாக்டர் மேடத்திடம் போய்ச் சொன்னேன். எங்கள் லேபின் தலைவி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். அவர் திட்டவில்லை. இவருடைய பாட்டில் இன்னும் சூட்டில்தான் இருக்கிறது, புதுத் தட்டு ஊற்றுங்கள் என்றார். அப்புறம் ரிஜிஸ்டரை எடுத்து விரலால் தேடினார். பூஜைக்கு முன்னாலேயே ரத்தம் கொடுத்து, பூஜை நாட்களில் ஏழு நாள் முடிந்த ஐந்து பேருக்கு, என் தட்டை நம்பி 'வளர்ச்சி இல்லை' என்று கடைசி ரிப்போர்ட் போயிருந்தது. அவர்கள் பாட்டில்கள் எங்கே என்று கேட்டார். அன்று காலை வந்ததும் வராததுமாக நான் முதல் வேலையாக ஆட்டோகிளேவில் ஏற்றியவை அவைதான். உள்ளே இருந்தது எதுவானாலும் வெந்து போயிருக்கும்.

மேடம் ரிஜிஸ்டரை மூடிவிட்டு, தாழ்ந்த குரலில் பெங்காலியில் கேட்டார்.

"தீதி, உங்க வீட்டுக்காரர் இங்கே அட்மிட் ஆகலைன்னா, என்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்களா?"

நான் போய்த் தட்டு ஊற்றினேன். இந்தத் தடவை ஒரே ஒரு குடுவை.

மறுநாள் இவருடைய தட்டில் ஊசிமுனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக முளைத்திருந்தது, சுற்றிலும் மெல்லிய பச்சை வளையத்தோடு. வால்வில் உட்காருகிற ஜாதிதான். அன்று மத்தியானமே மருந்தை மாற்றினார்கள். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை.

ஐந்து பேருக்கும் போன் செய்யச் சொல்லி மேடம் என்னிடமே லிஸ்டைக் கொடுத்தார். நாலு பேர் மறுபடி ரத்தம் கொடுக்க வருவதாகச் சொன்னார்கள், அவர்களில் ஒருவர் மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டார். ஐந்தாவது வீட்டில் மருமகள் எடுத்தாள். மாமியாருக்குக் காய்ச்சல் இன்னும் விட்ட பாடில்லையாம். ஏன் டாக்டரிடம் காட்டவில்லை என்று கேட்டேன். ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டதே மாஷிமா, அதனால் பயப்படாமல் இருந்துவிட்டோம் என்று என்னைச் சித்தி முறை வைத்துச் சொன்னாள். உடனே கூட்டி வா, இப்போதே கிளம்பு என்றேன். வருகிறேன் என்றாள். கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றியும் சொன்னாள்.

வார்டுக்குப் போனபோது இவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கேட்டதையும் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். தட்டு ஊற்றப் போய்விட்டேன் என்றேன். கேலி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"சொல்லியிருக்க மாட்டே" என்றார்.

ஆமாம் என்றேன். அப்புறம் அவருக்குச் சாதம் பிசைந்து கொடுத்தேன். அந்த மருமகள் வந்து சேர்ந்தாளா என்று கீழே போய்ப் பார்த்துவிட்டு வா, நான் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவர்தான் என்னை அனுப்பினார்.