காத்திருக்கச் சொன்ன குரல்

பெரிய ஆஸ்பத்திரியில் போன் எடுப்பவளை எல்லாரும் ஆபரேட்டர் அக்கா என்பார்கள். "தயவுசெய்து காத்திருங்கள்" என்று லைனில் சுற்றிச் சுற்றி வரும் பதிவும் அவள் குரல்தான். அதில் அவள் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாத பெருமை. பஸ் கண்டக்டர், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனுஷன். சாப்பாட்டு நேரத்தில் மெனக்கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "என்னை ஹோல்டுல போடு" என்பார். "வீட்ல ஒரு நாளாவது இவ்ளோ மரியாதையா பேசியிருக்கியா?" என்று வம்பிழுப்பார்.

அந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்குள் பங்காளிச் சண்டைதான், போங்கள். மாரடைப்பு வந்து, இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் பிரஷர் விழுந்துகொண்டே போகும் நோயாளியை அனுப்பக்கூட, சின்ன ஆஸ்பத்திரி படுக்கை கேட்டுக் கெஞ்ச வேண்டும். இங்கே டாக்டரைத் தேடிப் பிடிக்கும்வரை ஹோல்டு.

ஒரு மத்தியானம் அப்படித்தான் போன் வந்தது. "பிரஷர் நிக்க மாட்டேங்குது, அனுப்பலாமா?" பேரை யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஹோல்டில் போட்டுவிட்டு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் மாறி மாறிப் போன் அடித்தாள். "அனுப்பச் சொல்லிட்டாங்க" என்று திரும்பியபோது, "வேண்டாம்மா, போயிட்டார்" என்றார்கள். ஐயோ பாவம் என்று அடுத்த போனை எடுத்தாள். போனது தன் வீட்டுக்காரர் என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

பிறகு ஒருவழியாக ஆஸ்பத்திரிகள் கைகோர்த்தன. ஒரே நம்பர், அடித்ததும் எல்லா டாக்டர்களும் ஒரே லைனில். ஆம்புலன்ஸ் முதலில், படுக்கைப் பேச்சு அப்புறம். பிழைத்து வீடு திரும்புகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. இதை அப்போதே செய்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஹோல்டு பதிவு இனி தேவையில்லை. "ஒரு காப்பி வெச்சுக்கட்டுமாக்கா?" என்று கேட்டார் போன் மெக்கானிக்.

"அந்தச் சனியன் ஒழிஞ்சா போதும்."

அழித்துவிட்டார்.

அடுத்த வாரம் எல்லா ஆஸ்பத்திரிக்காரர்களும் கூடிய கூட்டத்தில், அவள் பேசிய குரலை அடையாளம் கண்டு சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ் கிட்டே வந்தாள்.

"கண்டக்டரோட வீட்டுக்காரம்மாவா நீங்க? அன்னிக்கு போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். 'என் வீட்டுக்காரி பேசுறா, கட் பண்ணிடாதீங்க'ன்னார். பிதற்றுறார்னு நினைச்சேன். நினைவு தப்புற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார்மா."

அவள் மெக்கானிக்கைத் தேடி ஓடினாள். "போனது போனதுதான்க்கா" என்றார் அவர்.

படிக்கட்டில் உட்கார்ந்து, அந்தப் பதிவில் இருந்ததைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "தயவுசெய்து" என்பதற்கு மேல் குரல் வரவில்லை.