பத்திரிகையில் வந்த பெரிய டாக்டர்

நெஞ்சு எரிகிறது என்று என் கணவர் சொன்னதும், வலியசாலையில் எங்கள் தெரு டாக்டர், மலையாளம் கலந்த தமிழில், "இன்னைக்கே இ.சி.ஜி. எடுக்கணும் கேட்டோ" என்றார். அன்று காலைதான் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் இதய ஆராய்ச்சியைப் பாராட்டிப் படத்தோடு செய்தி வந்திருந்தது. "காட்டினா அவர்கிட்டதான் காட்டணும்" என்று பிடிவாதம் பிடித்தேன். கல்லூரிக்குப் போன் செய்தால், அவர் வெளிநாடு போயிருக்கிறார், அடுத்த வாரம் வருவார் என்றார்கள். காத்திருந்தோம்.

அவர் திரும்பிய அன்றே போனோம். ஆராய்ச்சிக் கட்டடத்தின் மாடியில் அவர் அறை. படியேறி முடிப்பதற்குள் இவருக்குச் சட்டை முழுக்க வேர்த்து நனைந்துவிட்டது. பார்த்ததும் பேராசிரியர் பதறிப்போனார்.

"அம்மா, நான் எலியோட ஹார்ட்டு மாத்திரம்தான் பாக்கறது. ரோகிகளை நோக்காறில்லை" என்று, நோயாளிகளையே பார்ப்பதில்லை என்பதை மலையாளத்தில் சொன்னவர், சக்கர நாற்காலி வரவழைத்து, அவரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். ரத்தக் குழாயில் அடைப்பு. நல்லவேளையாகக் காப்பாற்றிவிட்டார்கள்.

இப்போதும் மருத்துவச் செய்தி ஒன்றையும் நான் விடுவதில்லை. ஆனால் உடம்புக்கு வந்தால் முதலில் தெரு டாக்டர்தான். அவர் சொல்லும் பரிசோதனையை அன்றே எடுத்துவிடுகிறோம். பத்திரிகையைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாலே இவர் கேட்பார்: "ஏண்டி, இந்த டாக்டர் பாக்கறது மனுஷாளையா, எலியையா?"

கேட்டுவிட்டு இவர் சிரிப்பார். எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வரும்.