மேட்டில் வாங்கிய மூச்சு

அன்று அந்த மலையடிவாரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், என் தம்பி செல்வம், அவனுக்கு ஓட்டம் பழக்கிய டிரில் வாத்தியார், திருச்சுழியிலிருந்து எங்களை ஏற்றி வந்த வேன் டிரைவர். ஐந்து பேரில் ஒருவருக்காவது அது நோய் என்று தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சொன்னதையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி அது. செல்வத்துக்குப் பத்தொன்பது வயது. பொங்கல் ஓட்டம், திருவிழா ஓட்டம் எதுவானாலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிடுவான். போலீஸ் செலக்சனுக்கு வெளி மாவட்டத்துச் சர்ட்டிபிகேட் ஒன்று இருந்தால் நல்லது என்று வாத்தியார் சொன்னார். அப்படித்தான் வத்தலக்குண்டு தாண்டி, மலைப்பாதையில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போனோம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இன்றும் அந்த மாதிரி ஓட்டங்களுக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பாதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே வாத்தியார் வேனை மெதுவாக ஓட்டச் சொல்லிக் காட்டியதால் எனக்கு மனப்பாடம்.

ஆரம்பத்தில் மாந்தோப்புக்கு நடுவே சமதரை. எல்லோரும் அங்கே வேகத்தைக் காட்டிவிடுவார்கள். காட்டக் கூடாது. அப்புறம் ரோடு தெரியாமலே ஏறும். கண்ணுக்குச் சமமாகத்தான் இருக்கும், கெண்டைக்கால்தான் முதலில் சொல்லும். அதன் பிறகு கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் உள்பக்கம் தூரம் குறைச்சல், ஆனால் செங்குத்து. வெளிப்பக்கம் தூரம் கூடுதல், கால் தாங்கும். ஒவ்வொரு வளைவு முடியும்போதும் உச்சி வந்துவிட்டது போல இருக்கும். வந்திருக்காது. இறங்கும்போது மூச்சு லேசாகும், முழங்கால் அடி வாங்கும்.

“மேட்டுல முன்னால போறவனப் பாக்காதடா, ஒன் மூச்சப் பாரு” என்று வாத்தியார் சொன்னார்.

செல்வம் இரண்டாவது வளைவில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் வேனில் போய்ச் சேர்ந்தபோது பக்கத்தில் இன்னும் நான்கு பையன்கள் இடுப்பில் கைவைத்து இரைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அவர்களுக்கு மூச்சு அடங்கி மறுபடி ஓடினார்கள். இவனுக்கு அரை மணி நேரம் ஆகியும் அடங்கவில்லை. இருமிக்கொண்டே இருந்தான். அந்த வித்தியாசத்தை நான் பார்த்தேன். பார்த்தும் புரியவில்லை.

“தட்டாந்தரையில ஓடுனவுகளுக்கு மலை அப்படித்தாங்க்கா இருக்கும்” என்றார் டிரைவர்.

என் வீட்டுக்காரர், “என்ன மாப்ள, லோடு வண்டி மேட்டுல நின்ன மாதிரி நின்னுட்டீரு” என்று கேலி செய்தார். செல்வமும் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

எங்கள் பக்கம் மேடு என்றால் கண்மாய்க் கரை ஒன்றுதான். பழக்கம் இல்லாததுதான் குறை, அடுத்த வருடத்துக்குள் பழக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது நான்தான். தினமும் விடிந்ததும் கரைச் சரிவில் இருபது தடவை ஏறி இறங்க வேண்டும். அவன் ஓட, நான் மடியில் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு எண்ணுவேன். பன்னிரண்டில் நின்றுவிடுவான்.

“அக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா.”

“இன்னும் எட்டுதான்டா. போலீஸ்ல போயி இப்படி நின்னா விடுவாகளா?”

ஓடுவான். நான் சொன்னால் ஓடுவான்.

மார்கழியில் அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. “தண்ணிக்குள்ள அமுக்குன மாதிரி இருக்கு” என்றான். சளி என்று நினைத்து, தலைக்கு இரண்டு சாக்கை மடித்து வைத்துக் கொடுத்தேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்று சொன்னால், சாக்கை மடிக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில், ஒன்பதாவது ஏற்றத்தில் இருமினான். துப்பியது இளஞ்சிவப்பு நுரை. மடியிலிருந்த கொட்டைகள் எங்கே விழுந்தன என்று தெரியவில்லை. அருப்புக்கோட்டைக்குப் போய், அங்கே ஊசி போட்டு, அங்கிருந்து காரில் மதுரைக்குக் கொண்டு போனோம்.

மதுரையில் பார்த்த டாக்டரம்மா குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கா?” என்றார்.

வந்திருந்தது. ஒன்பது வயதில். ஒரு முழங்கால் வீங்கி, அது வடிந்ததும் மற்றது, பிறகு கணுக்கால். ஓடி ஆடியதால் வந்த வீக்கம் என்று வேப்பெண்ணெய் தேய்த்தோம். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

“மூட்டுல சரியாயிரும்மா. நெஞ்சுல சரியாகாது” என்றார். அது வாதக் காய்ச்சலாம் (தொண்டைப் புண்ணுக்குப் பின்னால் வந்து மூட்டையும் இருதயத்தையும் தாக்குகிற காய்ச்சல்). அது போனபோது மைட்ரல் வால்வில் (இருதயத்தின் இடப்பக்கம் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள கதவு) தழும்பை விட்டுப் போயிருந்தது. வருடம் போகப் போகக் கதவு சுருங்கி, ரத்தம் முன்னால் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கியிருக்கிறது. சமதரையில் சமாளித்த இருதயம் மேட்டில் காட்டிக் கொடுத்துவிட்டது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “நான் கரையில ஏத்தி எறக்குனதால வந்துச்சாம்மா?”

அவர் குழலைக் கழற்றி மேசையில் வைத்தார். “வியாதி அதால வரல. முன்னாடியே இருந்தது. ஆனா இந்த நெலமைக்குச் சீக்கிரமா வந்திருச்சு” என்றார்.

பொய் சொல்லாததற்காக அவரைக் கும்பிடுகிறேன். அந்த ‘ஆனா’வை மட்டும் இத்தனை வருடமாகியும் என்னால் விழுங்க முடியவில்லை.

இடப்பக்க விலாவைத் திறந்து, விரலை உள்ளே விட்டுக் கதவை அகலப்படுத்தினார்கள். பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒருநாள் வராந்தாவில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து வந்து, “அக்கா, எண்ணுனியா? ஒண்ணு” என்றான். எனக்கு அழுகை வந்தது. அவன் குத்திச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னான்.

ஐந்து வருடம் நன்றாக இருந்தான். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி (காய்ச்சல் திரும்ப வராமல் தடுப்பது). போட்ட அன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான். ஓடக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. என் வீட்டுக்காரருடைய விதைக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தான். பெண் பார்க்கலாம் என்று பேச்செடுத்தேன். “மொதல்ல இந்தக் கதவு நிலைக்குதான்னு பாப்போம்” என்று தட்டிவிட்டான்.

தொண்ணூறுகளின் நடுவில் கதவு மறுபடி சுருங்கியது. இந்த முறை செயற்கை வால்வு வைக்க வேண்டும், மெட்ராஸுக்குப் போக வேண்டும் என்றார்கள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இதற்கிடையில் வாரம் ஒருமுறை அருப்புக்கோட்டைக்குப் போய்க் காட்டி வர வேண்டும்.

வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஐந்து நிமிட நடை. அந்த நாட்களில்தான் அந்தத் தெருவை நான் முதன்முதலாகப் பார்த்தேன். செல்வம் மூன்று இடத்தில் நிற்பான். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல மாட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வான். வாய்க்கால் பாலத்தில் தண்ணீரே இல்லாத வாய்க்காலை எட்டிப் பார்ப்பான். கடைசியில் ஒரு மதில் சுவர் போஸ்டர்.

“இந்தப் போஸ்டரப் படிச்சுட்டு வாரேன்க்கா. நீ முன்னால போ.”

“போன வாரமும் இதத்தானடா படிச்ச?”

“மறந்துபோச்சுக்கா.”

நான் முன்னால் போக மாட்டேன். கூடவே நின்று நானும் படிப்பேன். அந்தப் போஸ்டரில் இருந்த அத்தனை பெயரும் எனக்குத் தெரியும்.

மெட்ராஸிலிருந்து கடிதம் வருவதற்கு முன்பே, ஒரு மத்தியானம், கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். இருபத்தாறு வயது.

உங்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். மேட்டில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். நின்ற பிறகு எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு அடங்கி உங்களுக்கு அடங்கவில்லை என்றால், பழக்கமில்லை என்று நீங்களாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். கூட இருப்பவர்கள் எண்ணிக்கையைச் சொல்லி விரட்டாதீர்கள்.

எங்கள் ஊர் தட்டாந்தரை என்று யாராவது சொன்னால் இப்போது நான் பதில் பேசுவதில்லை. பஸ்ஸுக்குப் போகும் வழியில் மூன்று மேடுகள் இருக்கின்றன. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. என் கெண்டைக்காலுக்குத் தெரியும். எனக்கு நோய் ஒன்றும் இல்லை, ஒரே மூச்சில் நடந்துவிடலாம். ஆனாலும் கால் தானாக நிற்கிறது. ஐந்து நிமிட வழிக்கு இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன். அந்தப் பதினைந்து நிமிடமும் அவனுக்கு வேண்டியது.